சந்தனம் அடைத்த எண்ணெய்த் துளை

கோபாலு, நீ பம்பாயில் கப்பலுக்குக் காத்திருக்கும்போதே இந்தக் காகிதம் கையில் கிடைக்குமோ, இல்லை நீ கடலேறிய பிறகுதான் வருமோ தெரியாது. ஏறிவிட்டாலும் சீமைக்கு அனுப்பிவைப்பார்கள் என்று தபாலாபீசில் சொன்னார்கள். உன் பெண்டாட்டியும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். எனக்குத்தான் நீ போனதிலிருந்து சோறு இறங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றுபோனவள் நான், இவ்வளவு நீளமாக என்றைக்கும் எழுதியதில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் நினைத்தேன். ஸ்டேஷனில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் வாய் வரவில்லை.

உனக்கு அன்றைக்கு ராஜபாளையம் ஸ்டேஷனில் கழுத்து நிறைய மாலை. உங்கள் மில் மானேஜர் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று பேசினார். "நாடு நம்ம கைக்கு வரப்போகுது. வெள்ளைக்காரன் போகும்போது மெஷினையும் தூக்கிக்கிட்டா போவான்? அது இங்கதான் கெடக்கும். அதைப் பிரிக்க, மாட்ட, பழுது பார்க்க நம்ம ஆளு வேணும். நம்ம கோபால் சீமையில படிச்சுட்டு வந்து, நம்ம பயலுவளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவாரு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. நீ அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இந்நேரத்துல மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்று கேட்டாய். பிள்ளையைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்திருப்பாய். அது இல்லை. அன்று மத்தியானம் நீ கிணற்றடியில் குளித்துக்கொண்டே உன் மச்சானிடம் பேசியது என் காதில் விழுந்துவிட்டது. நான் உள்ளே உனக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"பள்ளிக்கூடமாவது ஒண்ணாவது! மேலோட்டமாக் கொஞ்சம் காட்டுவேன், அம்புட்டுத்தான். மொத்தத்தையும் சொல்லிக்குடுத்துட்டா பொறவு என்னைய எதுக்கு வச்சிருப்பாக?" என்றாய் நீ. "பொழைக்கத் தெரிஞ்ச ஆளுதான் நீரு" என்று அவன் சிரித்தான். நீயும் சிரித்தாய். நான் பாதி மடித்த இலையைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் நீ கடைசியாகச் சொன்னதை, அதே மாதிரி, நான் முன்னாலேயே ஒருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். உன் அண்ணன் ரெங்கனுக்குக் காரியம் முடிந்த மறுநாள், நம் வீட்டு வாசலில் நின்றுகொண்டு தேவசகாயம் மேஸ்திரி சொன்னார்.

உன் அண்ணன் எப்படிச் செத்தான் என்பதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. நீ அப்போது கான்சாபுரத்தில் சித்தி வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். பெல்ட்டில் சிக்கிச் செத்தான் என்று மட்டும் உனக்குத் தெரியும். ஊரும் அம்மட்டோடு விட்டுவிட்டது. நானும் பேச்சை எடுத்தால் அழுகை வருமே என்று விட்டுவிட்டேன். இப்போது அழுதுகொண்டே எழுதுகிறேன், பரவாயில்லை.

நான் மெஷினுக்குப் பருத்தி போட்டுக் கொட்டை பிரிக்கிற அரைவை ஆலை உனக்குத் தெரியும். எஞ்சின் ரூமிலிருந்து ஆலையின் நீளத்துக்கும் ஒரு இரும்புத் தண்டு போகிறது. அது சுற்றினால்தான் பெல்ட்டுகள் சுற்றும், அரைவை மெஷின்கள் ஓடும். அந்தத் தண்டைத் தாங்குவதற்கு அங்கங்கே பேரிங் இருக்கிறது. ஒவ்வொரு பேரிங்கின் தலையிலும் சுண்டுவிரல் நுழையாத ஒரு துளை. அதில் எண்ணெய் விடுவதுதான் ரெங்கனுக்கு வேலை. அவனை அந்த வேலையில் சேர்த்துக்கொண்டவர் தேவசகாயம் மேஸ்திரி. நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர், ஊரில் வேதக்காரர் என்பார்கள்; எஞ்சினைப் பொறுத்தமட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கோளாறு என்றால் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ஓடும். என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. ரெங்கனுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பாடம். "ஏலே, எண்ணெய ஊத்திக்கிட்டே இரு. வழிஞ்சா நெறஞ்சிட்டுன்னு அர்த்தம். அடுத்ததுக்குப் போயிரு." ஏன் ஊற்ற வேண்டும், எண்ணெய் உள்ளே எங்கே போகிறது என்று இவன் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒனக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டாராம். ரெங்கன் அதை வீட்டில் வந்து அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பான்.

ஆயுத பூசை அன்று ஆலை முழுவதையும் கழுவித் துடைத்து, எஞ்சின், மெஷின், தராசு, சுத்தியல் ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அன்று ஓட்டக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எஞ்சினைக் கிளப்பி, மிச்சம் கிடக்கிற பருத்தி கொஞ்சத்தையாவது அரைத்துவிட வேண்டும் என்பது முதலாளிக்குச் சாத்திரம். பேரிங் இருக்கிறதே, அது மேலே வளைந்து நெற்றி மாதிரியே இருக்கும். பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் கிடையாது. துளையும் சரியாக நடு நெற்றியில். யாராக இருந்தாலும் சந்தனத்தை அங்கேதான் அப்புவார்கள். பெண்கள் முறை வைத்துச் சந்தனம் அரைப்போம். அந்த வருஷம் என் முறை. கெட்டியாக, நன்றாக மைய அரைத்து, பித்தளைக் கிண்ணத்தில் வழித்து ரெங்கன் கையில் கொடுத்தேன். அவன்தான் எல்லாவற்றுக்கும் வைத்தான். தனக்கும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "எப்படியிருக்கு?" என்று கேட்டான். அந்த வருஷம் மேஸ்திரி இல்லை. அவருடைய அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போயிருந்தார்.

விஜயதசமி காலையில் ரெங்கன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தான். ராத்திரியெல்லாம் காய்ந்து சந்தனம் துளைக்குள் இறுகியிருந்தது. எண்ணெய் உள்ளே போகவே இல்லை, ஊற்றியதும் வழிந்துவிட்டது. வழிந்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அவன் அடுத்ததற்குப் போய்விட்டான். நான் என் மெஷின் முன்னால் உட்கார்ந்து பருத்தி போட ஆரம்பித்தேன். செத்த நேரத்தில் கடைசி பேரிங் பக்கம் கருகல் வாடை வந்தது, புகையும் கிளம்பியது. ரெங்கன் ஓடினான். எண்ணெய் போதவில்லை என்று நினைத்து, சுற்றிக்கொண்டிருக்கிற தண்டுக்கு மேலே குனிந்து இன்னும் எண்ணெய் ஊற்றினான். தோளில் கிடந்த துண்டு பெல்ட்டில் விழுந்தது. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரயிலில் ஏற்றினோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரியும்போது என் மடியிலேயே போய்விட்டான். நெற்றியில் அந்தப் பொட்டு அப்படியே இருந்தது.

காரியத்துக்கு மறுநாள் மேஸ்திரி வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே அழுதார். "ரெங்கன் அம்மா, நான் வருசா வருசம் தொடச்சிருவேன். பூச முடிஞ்சு எல்லாரும் பொரிகடல வாங்கப் போன பொறவு, ஒரு கம்பிய விட்டு அம்புட்டுத் துளையையும் குத்தி எடுத்துருவேன். யாருக்கும் தெரியாது. சொன்னா, வேதக்காரன் சாமிக்கு வச்ச சந்தனத்த அழிக்கான்னு அடிக்க வருவாக" என்றார். "ஊருக்குச் சொல்ல வேணாம் மேஸ்திரி, எம் மகன்ட்டயாவது சொல்லியிருக்கலாமே? அவன் ஒம்மகிட்ட வேல பழகுத பய தானே?" என்று கேட்டேன்.  அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். "எல்லாத்தையும் சொல்லிக்குடுத்துட்டா பொறவு என்னைய எதுக்கு வச்சிருப்பாக?"

எனக்கு அவரைச் செருப்பால் அடிக்கலாம் போல வந்தது. போய்யா என்று கதவைச் சாத்தினேன். அவர் ஆலைக்கும் திரும்ப வரவில்லை, எங்கே போனார் என்றும் தெரியாது. ஆனால் கோபாலு, வருஷம் போகப் போக அந்தக் கோபம் அதே மாதிரி நிற்கவில்லை. அவர் பயத்திலும் பொய்யில்லை. முன்னால் வேலை பார்த்த ஊரில் ஒருத்தனுக்கு முழுதாகச் சொல்லிக்கொடுத்தாராம். பழகியதும் அவனைப் பாதிக் கூலிக்கு வைத்துக்கொண்டு இவரை அனுப்பிவிட்டார்களாம். அதை வேறு ஆட்கள் சொல்லித்தான் பின்னால் கேள்விப்பட்டேன். ஆகவே உன் பயத்தையும் நான் கேலி செய்யவில்லை. முதலாளிமார் அப்படியும் செய்வார்கள். பயப்படாதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் பயத்துக்கு என்ன விலை என்று நம் வீட்டுக்குத் தெரியும். வேறு எந்த வீட்டுக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியும்.

ஊர் என்ன முடிவு கட்டியது தெரியுமா? சாமி குத்தம் என்றது. வேதக்காரன் கை பட்ட எஞ்சின், அதனால்தான் காவு வாங்கிவிட்டது என்றார்கள். முதலாளி ஆளை மாற்றினார், பரிகாரம் பண்ணினார். அடுத்த வருஷம் சந்தனத்தை முன்னைவிடத் தடிமனாக அப்பினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் துளையின் சங்கதி தெரியும், வாயைத் திறக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பொம்பளை ஏதோ உளறுகிறாள் என்பார்கள், கிடைக்கிற கூலியும் போகும். எல்லோரும் பொரிகடலை வாங்கப் போன பிறகு நான் மட்டும் பின்தங்கி, கொண்டை ஊசியை விட்டுத் துளைகளைக் குத்தி எடுத்தேன். அன்றையிலிருந்து வருஷா வருஷம் அதுதான். "நான் சம்பாரிக்கேன்ல, இன்னும் என்னத்துக்கு ஆலைக்குப் போற?" என்று நீ எத்தனை சண்டை போட்டிருக்கிறாய். இதற்குத்தான் போகிறேன்.

உலகச் சண்டைக் காலத்தில் சர்க்கார் நடத்திய தொழில் வகுப்புக்கு நீ மதராஸ் போனாயே, அந்தச் சமயம்தான் ரெங்கன் போன பிறகு எனக்குக் கொஞ்சம் விடிந்தது. லீவில் வந்து நீ எம்புட்டுப் பேசினாய்! "அம்மா, அங்க எஞ்சினையே குறுக்க அறுத்து வச்சிருக்காக. உள்ள எண்ணெய் எங்கிட்டுப் போவுதுன்னு கண்ணால பாக்கலாம். கேட்டா எரிஞ்சு விழ மாட்டாக, கேக்காட்டித்தான் எரிஞ்சு விழுவாக" என்று சொல்லி, அடுப்புக்கரியால் சுவரில் படம் போட்டுக் காட்டினாய். அந்தக் கரிப் படத்தை அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அழிக்க மனசில்லாமல் அந்த இடத்தை விட்டு அடித்தேன். ரெங்கன் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருந்தது. நீ வந்து இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தபோது, இனிமேல் யாரும் விஷயம் தெரியாமல் சாக மாட்டார்கள் என்று நினைத்தேன்.

உங்கள் மில்லுக்குப் புது மெஷின் வந்ததே, அதைப் பூட்ட வந்த பம்பாய்க்காரனை மறந்துவிட்டாயா? அளவு வைக்கிற சமயம் பார்த்துச் சாக்குப் படுதாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, உங்களையெல்லாம் டீ குடிக்க அனுப்பிவிடுவானாம். நீ வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினாய். "தெர கட்டிக்கிட்டு வேல பாக்கான்மா! திருடனா நாங்க? அந்தப் படுதாவக் கிழிச்சு எறியணும் போல இருக்கு" என்றாய். அவன் போன பிறகு ஒரு மெஷின் நின்று, மறுபடி அவனே வரும்வரை அந்தப் பகுதியில் வேலை பார்த்தவர்கள் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தார்கள். இப்போது ஊரே சேர்ந்து மாலை போட்டு உன்னை அனுப்பியிருக்கிறது. நீ அங்கே என்ன படிப்பாயோ எனக்குத் தெரியாது. வரும்போது பெட்டியில் ஒரு படுதாவும் வாங்கிக்கொண்டு வரப் போகிறாயா?

உன் பேச்சைக் கேட்ட பிறகுதான் என்னையே நினைத்துப் பார்த்தேன். நானும் மேஸ்திரி மாதிரிதானே இத்தனை வருஷம் ஒளிந்து ஒளிந்து துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. ஆகவே நீ போன பிறகு வந்த இந்த ஆயுத பூசைக்கு, பொட்டு வைக்கிற நேரத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அய்யா, அந்தத் துளைக்கு மேல வைக்காதீங்க. செத்த தள்ளி வைங்க. எம் மகன் அதுலதான் செத்தான்."  என்னோடு பருத்தி போடுகிற முத்தம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "யக்கா, சாமி காரியத்துல வாயக் குடுக்காத" என்றாள். இப்போது எஞ்சின் ஓட்டுகிற டிரைவர் சங்கிலிக்கு மூக்குக்கு மேல் கோபம். "பொம்பள வந்து எனக்கு எஞ்சின் சொல்லிக்குடுக்கியா? நல்ல நாளும் அதுவுமா சாவப் பத்திப் பேசுத!" என்றான். முதலாளி அவர் வீட்டுத் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாவுப் பேச்சு விழுந்த தோஷத்துக்கு மறுபடி சூடம் காட்டி, ஏற்கெனவே வைத்த சந்தனத்துக்கு மேலேயே இன்னும் ஒரு தடவை அப்பினார்கள். என்னை வெளியே அனுப்பிவிட்டு ஆலையைப் பூட்டினார்கள். அன்று துடைக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் போனேன். கதவு திறந்திருந்தது. சங்கிலி ஒரு கம்பியை வைத்துக்கொண்டு முதல் துளையைக் குத்திக்கொண்டிருந்தான். நான் சொன்னது அவனுக்குப் புரிந்திருக்கிறது! எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல? அவன் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டான், ஆனாலும் குத்துவதை நிறுத்தவில்லை. பாதித் துளைகளை எடுத்திருப்பான், அதற்குள் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கம்பியை மடியில் சொருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல எஞ்சின் ரூமுக்குள் போய்விட்டான். வந்தவன் இப்போதைய எண்ணெய்க்காரன். வன்னியம்பட்டிப் பையன், போன ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. அவனிடம் சங்கிலி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் பாட்டுக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஊற்ற ஆரம்பித்தான்.

நான் அவன் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். சந்தனம் அடைத்திருப்பதை, எண்ணெய் உள்ளே போகாததை, ரெங்கன் கதையை, எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு, "சங்கிலி அண்ணாச்சி சொல்லட்டும் ஆச்சி, கேட்டுக்கிடுதேன். அவிய ஒண்ணும் சொல்லலியே" என்றான். நான் கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு மிச்சத் துளைகளுக்குப் போனேன். அவன் என் பின்னாலேயே வந்து, பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு, நான் குத்தி முடித்து நகர்ந்த ஒவ்வொன்றிலும் வழியும்வரை ஊற்றினான்.

கோபாலு, பள்ளிக்கூடம் நடத்தப் போவது நீதான். உனக்குப் பயமிருந்தால், சொல்லிக்கொடுக்கிறதுதான் என் வேலை, அதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று மானேஜரிடம் கேட்டு, அவர் கையெழுத்துப் போட்ட காகிதமாக வாங்கிக்கொள். பிறகு கதவைத் திறந்து வைத்துச் சொல்லு. இதைச் செய் என்பதோடு ஏன் என்பதையும் சொல்லு. சந்தனம் வைக்காதே என்று யாரையும் சண்டைக்கு இழுக்க வேண்டாம், துளையைக் காட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டினால் அவர்களே தள்ளி வைப்பார்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். சீமைக்குப் போய் வந்தவன் சொன்னால் முதலாளி முதற்கொண்டு எல்லோரும் கேட்பார்கள். படித்ததை நீ பூட்டி வைத்துக்கொண்டால், உன் அண்ணனை நான் இன்னொரு தடவை ரயிலில் ஏற்றின மாதிரிதான்.

நீ திரும்பி வருவதற்குள் இன்னும் ஆயுத பூசைகள் வரும். அதுவரைக்கும் என்னால் ஆனதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் சீக்கிரம் வா. எனக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, உன்னிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை கடைசி பேரிங்கில், ரெங்கன் குனிந்த அந்த இடத்தில், துளை எனக்குத் தெரியவே இல்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

ரெங்கனுக்கும் உனக்கும் அம்மா